வெந்நீர்க் காயம்

அந்தக் கத்தோலிக்கப் பங்கில் சேவைக் குழு என்று ஒன்றும் சமூக நீதிக் குழு என்று ஒன்றும் இருந்தன. இரண்டிலும் இருந்தவர்கள் அதே எட்டுப் பேர்தான். மாதத்தின் முதல் சனிக்கிழமை கூடினால் சேவை, மூன்றாம் சனிக்கிழமை கூடினால் நீதி. சேவைக் குழுவுக்கு வேலை தலைக்குமேல் கிடந்தது. முதியவர்களுக்குப் போர்வை, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு நற்கருணை கொண்டுபோக ஆள், பிள்ளைகளுக்கு நோட்டுப்புத்தகம், செவ்வாயும் சனியும் இலவச மருந்தகம். நீதிக் குழுவில் ஒரு ஜெபம் சொல்லுவார்கள், உலகத்தின் எந்தெந்த மூலையிலோ நடக்கும் அநியாயங்களுக்காக வருத்தப்படுவார்கள், தேநீர் குடித்துவிட்டுக் கலைவார்கள். உள்ளூர் அநியாயம் எதுவும் அந்த எட்டுப் பேர் கண்ணிலும் பட்டதில்லை. பட்டதைப் பார்க்காமல் இருப்பதும் ஒரு திறமைதானே.

நர்ஸம்மா இரண்டு குழுவிலும் உண்டு. முப்பத்து நான்கு வருஷம் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுவாரமே பங்குச் சாமியாரிடம் போய் நின்றாள். வீட்டில் உட்கார்ந்து கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது அவள் சொன்ன காரணம். கணவர் அச்சகத்தில் பிழை திருத்திக் கண் கெட்டவர். "என் முகத்துலயும் திருத்தவேண்டியது நிறைய இருக்கும்போல" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது.

கோயிலின் பக்கவாட்டில், பழைய சைக்கிள் கொட்டகை இருந்த இடத்தில்தான் மருந்தக அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, மருந்து அலமாரி, கை கழுவத் தொட்டி, வெளியே நீள பெஞ்சு. டாக்டர் மாதம் ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் நர்ஸம்மாதான். சர்க்கரை பார்ப்பாள், ரத்த அழுத்தம் பார்ப்பாள், ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களைப் பேரப்பிள்ளைகள் முன்னாலேயே திட்டுவாள். செவ்வாய்க்கிழமை என்றால் நாற்பது பேருக்குக் குறையாது.

அறையைக் கட்டிக் கொடுத்தவர் லாண்டரி முதலாளி. இரண்டு தெரு தள்ளி அவருடைய லாண்டரி. ஹோட்டல்களின், மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து வெள்ளை வெளேரென்று திரும்பிப் போகும். முப்பது பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். பங்கின் ஏழை வீடுகளில் பாதிக்கு மேல் அந்தச் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. பங்குப் பேரவையில் அவர் துணைத் தலைவர். கோயில் பீடத் துணிகளை இலவசமாக வெளுத்து, தன் கையாலேயே மடித்து, தோளில் போட்டுக்கொண்டு வருவார். வேலைக்காரப் பெண்களின் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் காரை அனுப்புவார். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சிக்கலே அங்கேதான் இருந்தது.

அன்று சனிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். முதலாளியின் கார் வந்து நின்றது. சூப்பர்வைசர் ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக இறக்கினான். லாண்டரியில் அக்கா தங்கை இரண்டு பேர் வேலை செய்தார்கள்; பெரியவள், சின்னவள் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வந்தவள் சின்னவள். வலது கையை ஈரத் துண்டால் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் நர்ஸம்மா.

சின்னவள் சூப்பர்வைசரைப் பார்த்தாள். "வெந்நீர்மா. வீட்டுல."

நர்ஸம்மா துண்டைப் பிரித்தாள். வெந்நீர் எப்படிச் சுடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வெந்நீர் ஒழுகும், தெறிக்கும், ஓடிய வழியெல்லாம் சுடும், ஓரம் கோணல்மாணலாக இருக்கும். இந்தக் காயம் விரல் மூட்டுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல் நின்றது. உள்ளங்கை வெந்து வெளுத்துப் போயிருந்தது. புறங்கை நசுங்கி வீங்கியிருந்தது. லாண்டரியில் சூடான பெரிய இஸ்திரி உருளை ஒன்று உண்டு. ஈர விரிப்பை ஒரு பக்கம் இரண்டு பெண்கள் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து மடிப்பு மடிப்பாக வரும். விரிப்போடு சேர்த்துக் கையையும் கொடுத்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

இதெல்லாம் ஒரு நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு நோட்டை இழுத்து எழுதினாள். தேதி, பெயர், வயது, காயம். 'காரணம்' என்ற கட்டத்தில்: வெந்நீர், வீட்டில்.

"இது இங்க பார்க்கிற காயம் இல்ல. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள். "முதலாளிகிட்ட சொல்றேன்மா" என்றான் அவன். கார் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் போய் இன்னொரு தடவையும் சொன்னாள். சொல்லியாயிற்று. வெளியே பெஞ்சில் இருபது பேர் காத்திருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

பதினேழு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மருந்தகம் மூடும் நேரத்தில் பெரியவள் வந்தாள். வாசலில் நின்று, பெஞ்சு காலியாகும் வரைக்கும் காத்திருந்தாள்.

"தங்கச்சிக்கு ரெண்டு விரலை எடுத்துட்டாங்கம்மா."

நர்ஸம்மா நாற்காலியைக் காட்டினாள். அவள் உட்காரவில்லை.

"அன்னைக்கே போகச் சொன்னேனே."

"சொன்னீங்க. சூப்பர்வைசர் பார்க்கலாம்னான். முதலாளி மாத்திரை வாங்கி அனுப்பினார், சம்பளத்தோட லீவு குடுத்தார், வீட்டுக்கு வந்து ஜெபம்கூட பண்ணிட்டுப் போனார். ஆறாவது நாள் விரல் கறுத்துடுச்சு. நான்தான் வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன்."

ஆஸ்பத்திரி டாக்டர் கையைப் பார்த்த மாத்திரத்தில், இது இயந்திரத்தில் மாட்டிய கை என்று சொல்லிவிட்டார். சின்னவளும் மறைக்கவில்லை, விரல் போன பிறகு எதை மறைப்பது. டாக்டர் எழுதிய கடிதம் தொழிலாளர் துறைக்குப் போனது. தொழிலாளர் துறை முதலாளியைக் கேட்டது. முதலாளி பதில் எழுதினார்: வீட்டில் வெந்நீர் கொட்டியிருக்கிறது, எங்கள் பங்கு மருந்தகத்தின் நோட்டில் அன்றைய தேதியிலேயே பதிவாகியிருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

"உங்க நோட்டுதான்மா அவருக்குச் சாட்சி" என்றாள் பெரியவள். "வியாழக்கிழமை அதிகாரி வர்றார். வேலை இடத்துல நடந்ததுன்னு ஆனாத்தான் அவளுக்கு வழி. இல்லேன்னா ஃபைலை மூடிடுவாங்க. மூணு விரலை வச்சுக்கிட்டு அவளுக்கு யாரு வேலை குடுப்பா? மெஷினும் அப்படியேதான் ஓடும்."

"அவ என்ன சொன்னாளோ அதைத்தானே நான் எழுதினேன்?"

பெரியவள் நீல நிறச் சட்டையின் கையை முழங்கை வரை சுருட்டினாள். முன்கையில் இரண்டு விரல் அகலத்துக்கு, பட்டை அடித்தது போல் ஒரு பழைய தழும்பு பளபளத்தது.

"இது ஞாபகம் இருக்காம்மா?"

நர்ஸம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், லாண்டரியிலிருந்து மருந்தகத்துக்கு வந்த முதல் காயம் அது.

"நீ எழுதவேணாம்னு கெஞ்சினே" என்றாள்.

"ஆமா, கெஞ்சினேன். எழுதாதீங்கம்மா, வேலை போயிடும்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். வெந்நீர்னு நான் சொல்லல. அது நீங்க குடுத்த வார்த்தை."

உண்மைதான். 'அழாதே, வெந்நீர்னு போட்டுக்கிறேன், யாரு கேட்கப்போறா' என்று சொல்லி அந்தப் பெண்ணின் தலையைத் தடவிக் கொடுத்தது நர்ஸம்மாவேதான். ஓர் ஏழைப் பெண்ணின் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்த திருப்தியோடு அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஞாபகம் இருந்தது.

"நான் போய் லாண்டரி முழுக்கச் சொன்னேன். நர்ஸம்மா தங்கமானவங்க, வெந்நீர்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எழுதிப்பாங்கன்னு. அப்புறம் சுட்டுக்கிட்டவங்க எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. முதலாளியும் தெரிஞ்சுக்கிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனா எழுதுவாங்க, கோயிலுக்குப் போனா வெந்நீர்." பெரியவளின் குரல் உயரவில்லை. "எனக்குப் படிப்பு இல்ல, பயந்தேன். உங்களுக்கு என்னம்மா பயம்? அன்னைக்கே நீங்க உள்ளதை எழுதியிருந்தா, யாராவது வந்து பார்த்து அந்தக் கம்பியைத் திரும்பப் போட வச்சிருப்பாங்க. தங்கச்சிக்கு விரல் இருந்திருக்கும்."

சட்டைக் கையை இறக்கிவிட்டுப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூட நர்ஸம்மாவுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

அவள் சொன்ன கம்பி, உருளைக்கு முன்னால் நீளவாக்கில் இருக்கவேண்டிய தடுப்புக் கம்பி. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். விரிப்பு சுருங்கிப் போய் அதில் இடித்தாலும் நின்றுவிடும். அப்படி அடிக்கடி நின்றதால் வேலை தாமதமாகிறது என்று எப்போதோ கழற்றி மூலையில் சாத்திவிட்டார்கள்.

நர்ஸம்மா ஆறு வருஷத்து நோட்டுகளையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் பரப்பினாள். கணவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவள் கேட்கவில்லை, அவராகவே பென்சில் எடுத்துக்கொண்டார். அச்சகத்தில் மெய்ப்புப் படிப்பது போல் அவர் ஒவ்வொரு வரியாக வாசிக்க, லாண்டரிக்காரிகள் பெயர் வரும்போதெல்லாம் அவள் "ம்" என்றாள். வலது முன்கை, வெந்நீர். இடது உள்ளங்கை, வெந்நீர். வலது நான்கு விரல், வெந்நீர். சாயங்கால வெயில் மேசையிலிருந்து சுவருக்கு ஏறியபோது, சின்னவளைச் சேர்க்காமலே பதினோரு பென்சில் குறிகள் விழுந்திருந்தன.

"பதினோரு வீட்டுலயும் வெந்நீர் கோடு போட்ட மாதிரியே கொட்டியிருக்கு" என்றார் கணவர். "நல்ல ஒழுக்கமான தண்ணி."

"கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்ல. ஒரு பிழை ஒரு தடவை வந்தா கைதவறல்னு விட்டுடலாம். பதினோரு தடவை வந்தா எழுதினவருக்கே அது பிழைன்னு தெரியலேன்னு அர்த்தம். இல்ல, தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம்."

"தெரிஞ்சுதான் எழுதினேன்" என்றாள் அவள். அதைச் சொன்னபோது முகம் சுட்டது. அவள் வெட்கப்பட்டாள். இத்தனை வயதுக்குப் பிறகு அப்படி ஒரு வெட்கம் தனக்கு வரும் என்று அவள் நினைத்ததில்லை. பயம் அதற்கப்புறம்தான் வந்தது.

நோயாளி சொன்னதை எழுது, உன் ஊகத்தை எழுதாதே என்று பயிற்சிக் காலத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நல்ல விதிதான். அந்த விதியைக் குடை மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு நாலு வருஷம் நனையாமல் நடந்திருக்கிறாள்.

பதினோரு பேரில் நாலு பேர் லாண்டரியை விட்டுப் போய்விட்டார்கள். ஏழு பேர் இன்னும் அங்கேதான். கடைசிக் குறி மணிக்கட்டில் சுட்டுக்கொண்ட ஒருத்தி, மூன்று வாரந்தான் ஆகிறது, செவ்வாய்தோறும் கட்டு மாற்ற வந்துகொண்டிருந்தாள். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். சதையோடு ஒட்டிய துணியை உரிக்கும்போதும் சிரித்தாள். அதனால் மருந்தக பெஞ்சில் அவளுக்குச் சிரிப்புக்காரி என்று பேர். முதல் நாள், "வெந்நீர்னு போட்டுக்குங்கம்மா. ஆனா குளிக்கிற வெந்நீர்னு மட்டும் போட்டுடாதீங்க, எங்க வீட்டைத் தெரிஞ்சவங்க சிரிப்பாங்க. அங்க எல்லாருக்கும் பச்சத்தண்ணிதான்" என்று சொன்னதும் பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நர்ஸம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் எழுதினாள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் சாமியாரைப் பார்க்கப் போனாள். அவருடைய அலுவலகத்தில் முதலாளி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மடித்த பீடத் துணிகள் மேசைமேல் இருந்தன. அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

"உட்காருங்கக்கா. உங்களைப் பத்திதான் பேசிட்டிருந்தோம்."

"அந்தக் கம்பியை ஏன் தம்பி கழட்டினீங்க?"

அவர் முகம் சுருங்கியது. கோபம் இல்லை; களைப்பு. "நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்னா எப்படிக்கா? விரிப்பு சாயங்காலத்துக்குள்ள போகணும். போகலேன்னா ஹோட்டல்காரன் நாளைக்கே வேற லாண்டரியைப் பார்த்துக்குவான். அப்புறம் முப்பது பேரும் வீட்டுல உட்காரணும். நான் யாரையாவது கைவிட்டிருக்கேனா, சொல்லுங்க. அந்தச் சின்னவளுக்கும் நான் இருக்கேன். வேற வேலை குடுப்பேன். உட்கார்ந்து பொத்தான் தைக்கட்டும்."

"மூணு விரலால பொத்தான் தைக்க முடியாது தம்பி."

அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டார். சாமியாரைக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். வாசல் தாண்டும்போது நற்கருணைப் பேழை இருக்கும் திசையைப் பார்த்து முழந்தாள் பணிந்துவிட்டுத்தான் போனார். அதுவும் வேஷம் இல்லை என்று நர்ஸம்மாவுக்குத் தெரியும்.

சாமியார் துணிமடிப்புகளை மேசை ஓரமாக நகர்த்தினார். ஐம்பது வயதுக்குள் குடல்புண்ணை வாங்கிக்கொண்ட மனிதர்.

"நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலம்மா. அந்தப் பொண்ணு வெந்நீர்னு சொன்னா. நீங்க எழுதினீங்க. ரெண்டும் உண்மைதானே? கேட்டா அதை மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கலாமே."

"நிறுத்திக்கலாம்."

"செவ்வாய்க்கிழமை எத்தனை பேர் வர்றாங்க?"

"நாப்பது."

"தெரிஞ்சே தப்பா எழுதினேன்னு நீங்க சொன்னா சுகாதாரத் துறைக்காரங்க வந்து கதவை மூடிடுவாங்க. அந்த நாப்பது பேரும் எங்க போவாங்க? ஆறாத புண்ணோட வர்றவங்க, ஆஸ்பத்திரி வரிசையில நிக்க முடியாத கிழவங்க."

"எனக்கும் அதுதான் ஃபாதர் கவலை" என்றாள் நர்ஸம்மா. "ஆனா அந்த நாப்பது பேர்ல லாண்டரியில கையைக் குடுத்துட்டு வந்தவங்களும் சேர்த்தியா, இல்லையா? அவங்களுக்கு நாம மருந்து போட்டோமா, இல்ல முதலாளிக்கு மறைப்பு போட்டோமா?"

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க நோட்டுல இல்லாதது என் காதுல இருக்கு. பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை நான் செத்தாலும் வெளிய சொல்ல முடியாது. நீங்க சொல்ல முடியும். அந்த வகையில உங்க நிலைமை என்னைவிட மோசம்." பிறகு மெதுவாகச் சேர்த்தார்: "நான் சொன்னதை மறந்துடுங்க. உங்க மனசாட்சிப்படி செய்ங்க. பின்னால வர்றதை நானும் சேர்ந்து தாங்கிக்கிறேன்."

தாங்கிக்கொள்வார் என்று அவள் நம்பினாள். பாவம், அவர் குடலைப் பற்றித்தான் கவலையாக இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பங்கு மண்டபத்தில் அதிகாரி வந்து உட்கார்ந்தார். ஒல்லியான, சளிப் பிடித்த மனிதர். ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகள் வரைந்த படங்கள் சுவரில் ஒட்டியிருந்தன. அவற்றுக்குக் கீழே மேசை. முதலாளியை வெளியே உட்காரச் சொன்னார். சாமியாரையும் வெளியே அனுப்பினார். அந்த அளவுக்கு நியாயமான மனிதர்தான். பெரியவள் ஒரு மூலையில் நின்றாள்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"அந்தப் பொண்ணு வெந்நீர்னு சொல்லுச்சு, நீங்க எழுதினீங்க. அப்படித்தானே?"

சாமியார் முதலில் காட்டிய வழி அகலத் திறந்து கிடந்தது. 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செவ்வாய்க்கிழமை பெஞ்சு அவள் கண்முன் வந்தது. கால் புண்ணோடு வரும் கிழவர், சர்க்கரை மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கும் அம்மாள். அவர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"அவ சொன்னா. அது பொய்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே எழுதினேன். அது உருளையில மாட்டின கை." பையிலிருந்து மற்ற நோட்டுகளையும் எடுத்து வைத்தாள். "இது மட்டும் இல்ல. இதுல பென்சில் குறி போட்டிருக்கிற பதினோரு காயமும் அதே மெஷின்ல பட்டதுதான். வெந்நீர்ங்கிற வார்த்தையை முதல்ல சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

அதிகாரி தும்மினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மூலையில் பெரியவள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

"நீங்க சொல்றது பெரிய விஷயம்மா. உங்களுக்கே வினையா முடியும், தெரியுமில்ல? இதுல இன்னும் வேலையில இருக்கிறவங்க யாரு?"

"ஏழு பேர்."

"கூப்பிட்டுக் கேட்டுடலாம். அவங்களும் சொல்லிட்டா மறுபேச்சு இல்ல. மெஷினை இன்னைக்கே நிறுத்திடுவேன்."

நர்ஸம்மாவுக்கு மூச்சு வந்தது. தான் வாயைத் திறந்துவிட்டதால் அவர்களுக்கும் தைரியம் வந்துவிடும் என்று அவள் நம்பினாள். அரை மணி நேரத்தில் லாண்டரி வேன் வந்தது. மண்டப வாசலை ஒட்டி நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தான். பெரியவள்தான் இங்கேயே இருக்கிறாளே. மற்ற ஆறு பேர் நீலச் சட்டையோடு இறங்கி வரிசையாக உள்ளே வந்தார்கள். கையெல்லாம் சோப்பு வாசனை.

முதல் ஆள் நடுத்தர வயதுக்காரி. அதிகாரி நோட்டைக் காட்டி, கையில் பட்ட காயம் எப்படி வந்தது என்று கேட்டார்.

"வெந்நீர்ங்க."

"எங்க?"

"வீட்டுல. நர்ஸம்மாவே எழுதியிருக்காங்களே."

"பயப்படாதே, நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றாள் நர்ஸம்மா. அதிகாரி கையை உயர்த்தி அவளை அடக்கினார். அவள் பேசக்கூடாதாம்.

இரண்டாவது ஆளும் வெந்நீர் என்றாள். மூன்றாவது ஆள் கேள்வி முடிவதற்குள்ளேயே வெந்நீர் என்றாள். நாலாவது ஆள், அதுதான் நோட்டில் இருக்கிறதே, படித்தவர்கள் எழுதியது தப்பாகவா இருக்கும் என்று திருப்பிக் கேட்டாள். ஒருத்தியும் நர்ஸம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு குரலில் அவளுடைய வார்த்தையே திரும்பி வந்துகொண்டிருந்தது. ஐந்தாவது ஆளின் குரல் மட்டும் கொஞ்சம் நடுங்கியது, ஆனாலும் வெந்நீர்தான்.

கடைசியாகச் சிரிப்புக்காரி. மணிக்கட்டில் போன செவ்வாய் நர்ஸம்மா போட்ட கட்டு, அழுக்கேறிப் போய் இருந்தது. இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"வெந்நீர்ங்க."

அதிகாரிக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். "எந்த வெந்நீர்? சமைக்கவா, குளிக்கவா?"

அவள் தரையைப் பார்த்தாள். "குளிக்கங்க" என்றாள்.

பெரியவள் மூலையிலிருந்து நேரே மேசைக்கு வந்து, சட்டைக் கையைச் சுருட்டி, தழும்பை அதிகாரியின் மூக்குக்கு எதிரே நீட்டினாள். "மெஷின்ல சார். எழுதிக்குங்க. மெஷின்ல." சொல்லிவிட்டு ஆறு பேரையும் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நர்ஸம்மா நினைத்தாள். அவள் திட்டவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வரிசையில் முதலில் நின்றவள் அவள்தானே.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

"ரெண்டையும் எழுதிக்கிட்டேன். ஒரு பக்கம் நீங்க ரெண்டு பேர். அதுல ஒருத்தர் அந்தப் பொண்ணோட கூடப்பிறந்த அக்கா. இன்னொருத்தர் நாலு வருஷமா பொய் எழுதினேன்னு தானே ஒத்துக்கிட்டவங்க. டாக்டர் கடிதத்தை ஊகம்னு தள்ளிடுவாங்க, அந்தப் பொண்ணே முதல் நாள் வெந்நீர்னுதான் சொல்லியிருக்கு. இன்னொரு பக்கம் ஆறு பேரும் இந்த நோட்டும். எனக்கு என்ன தோணுதுங்கிறது வேற விஷயம். மேல இருக்கிறவங்க எதை நம்புவாங்கன்னு நான் சொல்லவேண்டியதில்ல." நோட்டுகளைத் தன் பையில் வைத்துக்கொண்டார். "உங்களைப் பத்தி சுகாதாரத் துறைக்கும் நான் எழுதியாகணும்மா. அவங்க வர்ற வரைக்கும் மருந்தகத்தை நடத்துங்க. புது நோட்டு போட்டுக்குங்க."

வேன் ஹார்ன் அடித்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வெளியேறினார்கள். பெரியவள் நர்ஸம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தங்கை காத்துக்கொண்டிருப்பாள், அவளிடம் போய்ச் சொல்லவேண்டியதைப் பற்றித்தான் யோசித்திருப்பாள். பிறகு அவளும் நடந்தாள்.

நர்ஸம்மா நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். சிரிப்புக்காரி வாசலிலிருந்து திரும்பி வந்திருந்தாள். வேன் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை இருப்பீங்கல்லம்மா? கட்டு மாத்தணும். உள்ள சீழ் வைக்குது போல, விண்விண்ணுன்னு தெறிக்குது."

நர்ஸம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். கட்டுக்கு மேலே தோல் சிவந்து சூடாக இருந்தது. அவள்மேல் கோபப்பட முயன்றாள், முடியவில்லை.

"செவ்வாய் வரைக்கும் தாங்காது. இன்னைக்கே வா, சாயங்காலம் திறந்து வைக்கிறேன்."

"சரிம்மா, வேலை முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்." அவள் முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது.

நர்ஸம்மா கையை விடவில்லை. "புது நோட்டு போடப்போறேன். அதுல மெஷின்னுதான் எழுதுவேன்."

சிரிப்புக்காரி அவளைப் பார்த்தாள். வெளியே ஹார்ன் இரண்டு தடவை அடித்தது.

"அப்ப வேணாம்மா" என்றாள். கையை மெதுவாக உருவிக்கொண்டு, சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடியபடி வேனை நோக்கி ஓடினாள்.